வேதாகமத்தில் கப்பல்: கடல் இல்லாத ஊர்க்காரருக்கு ஓர் அறிமுகம்

வேலூரிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் சாலைவழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளில் பலர் கடலை ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறார்கள். படகில் ஏறியவர்கள் என்று கேட்டால், கோடை விடுமுறையில் ஏலகிரி மலைக்குப் போய்ப் புங்கனூர் ஏரியில் மிதிபடகு ஓட்டியவர்கள்தாம் கை தூக்குவார்கள். சரி, ஆற்றையாவது காட்டலாமென்றால், காட்பாடிக்குப் போகும் பாலத்தின் கீழே வருடத்தில் பெரும்பகுதி மணலும் முட்புதரும்தான் கிடக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு நோவாவின் பேழையையும் யோனா ஏறிய கப்பலையும் பவுலின் கப்பற்சேதத்தையும் நடத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "நம்ம ஊரு ஆத்துலயே தண்ணி இல்லையே சார், நமக்கு எதுக்குக் கப்பல்?" என்று கேட்டான்.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. பிறகு புத்தகங்களைப் புரட்டி யோசித்தபோது, அவன் கேட்டதற்குள்ளேயே விடை இருப்பதாகத் தோன்றியது. வேதாகமத்தை எழுதியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தரைவாசிகளே. இஸ்ரவேலர் ஆடு மேய்த்தவர்கள், கோதுமையும் திராட்சையும் விளைவித்தவர்கள். மத்தியதரைக் கடல் அவர்களுடைய நாட்டின் மேற்கு எல்லையாக இருந்தபோதிலும், அதன் கரையில் தெற்கே பெலிஸ்தரும் வடக்கே தீரு, சீதோன் பட்டணங்களின் பெனிக்கியரும்தான் கோலோச்சினார்கள். இயற்கையான துறைமுகங்களும் அந்தக் கரையில் மிகக் குறைவு. சாலொமோன் ராஜா செங்கடலோரத்து எசியோன்கேபேரில் கப்பல்களைக் கட்டியபோது, அவற்றை ஓட்டுவதற்குக் கடல்யாத்திரையில் பழகிய ஆட்களைத் தீருவின் அரசன் ஈராம் அனுப்பவேண்டியிருந்தது என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே வேதாகமத்தின் கப்பல்கள் கடலோடிகளின் பெருமிதத்திலிருந்து பிறந்தவை அல்ல. கரையில் நின்று கடலை அச்சத்தோடு பார்த்தவர்களின் மனத்திலிருந்து பிறந்தவை. இதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

அடையாளம் என்ற சொல்லைப் பற்றியும் தொடக்கத்திலேயே சிறிது சொல்லிவிடுகிறேன். வேதாகமத்தில் ஒரு பொருள் அடையாளமாக நிற்பது ஒரே வகையில் நிகழ்வதில்லை. சில இடங்களில் அது வெறும் உவமை. "என் நாட்கள் வேகமாய் ஓடும் கப்பல்களைப்போல் போயின" என்னும் பொருளில் யோபு பேசும்போது, அதில் மறைபொருள் எதுவும் இல்லை. சில இடங்களில் முன்னே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி பின்னே வரப்போகும் ஒன்றின் நிழலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதை நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'ஒப்பனை' என்ற அழகிய சொல்லால் குறிக்கிறது. இன்னும் சில அடையாளங்கள் வேதாகமத்திலேயே இல்லாமல், பிற்காலத் திருச்சபை அந்தப் பகுதிகளைப் படித்துப் படித்து உருவாக்கியவை. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதிருப்பதே புதிதாகப் படிப்பவர் கற்கவேண்டிய முதல் ஒழுங்கு. ஒரு கூட்டத்தில் பேழையின் மூன்று தட்டுகளுக்கும், அதன் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு மணி நேரம் அர்த்தம் சொன்ன ஒருவரை நான் கேட்டிருக்கிறேன். ஆணியைத் தவிர எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்லிவிட்டார். ஆணிக்கு நேரம் போதவில்லை போலும்.

கப்பலின் பொருள் விளங்கவேண்டுமானால், அது மிதக்கிற தண்ணீரின் பொருள் முதலில் விளங்கவேண்டும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், ஒளி உண்டாவதற்கு முன்பே, இருள் மூடிய ஆழம் இருக்கிறது. தேவன் அந்தத் தண்ணீரைப் பிரித்து எல்லை வகுத்த பிறகுதான் உயிர்கள் நடமாட இடம் கிடைக்கிறது. சங்கீதக்காரன் தன் துன்பத்தைச் சொல்ல வரும்போதெல்லாம் வெள்ளத்தையே நினைக்கிறான்; "வெள்ளங்கள் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது" என்று 69ஆம் சங்கீதம் தொடங்குகிறது. தானியேலின் தரிசனத்தில் கொடிய மிருகங்கள் எழும்புவது கடலிலிருந்துதான். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து மீண்ட கதையிலும் அவர்கள் செங்கடலைக் கடந்தது கப்பலில் அல்ல, கால்நடையாக, காய்ந்த தரையில். கடலுக்குக் கட்டளையிடக்கூடியவர் ஒருவரே என்பதுதான் இவை எல்லாவற்றின் அடிநாதம்.

தண்ணீருக்கு ஏங்குகிற ஊர் தண்ணீருக்கு அஞ்சாது என்று நினைத்துவிட வேண்டாம். 1903 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன கதையை எங்கள் பாட்டன் தலைமுறை சொல்லக் கேட்டவர்கள் இங்கே உண்டு. 2021 நவம்பரில் அதே வறண்ட மணற்பரப்பில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியதை இந்தப் பிள்ளைகளே பாலத்தின்மேல் நின்று பார்த்தார்கள். அன்று அந்தத் தண்ணீர் எழுப்பிய இரைச்சலை நினைவுபடுத்தினால் போதும்; ஆதியாகமத்து 'ஆழம்' என்ன என்று மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

நோவாவின் பேழைக்கு வருவோம். ஆதியாகமம் 6ஆம் அதிகாரம் அதன் அளவைத் துல்லியமாகத் தருகிறது: நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். மார்க்கெட்டில் பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை அளந்து கொடுக்கிற அதே முழந்தான். ஒரு நாள் மாலை பத்து முழத்துக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் முடிச்சிட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு பாலாற்று மணலில் இறங்கி 300 முழத்தையும் அளந்தோம். முழத்தை 45 சென்டிமீட்டராக வைத்துக்கொண்டால் 135 மீட்டர் வருகிறது. ஒரு முனையில் நின்ற பெண் கூப்பிட்டது மறுமுனையில் நின்றவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்தத் தூரத்தை நடந்து பார்த்த பிறகுதான், படப் புத்தகங்களில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சின்னஞ்சிறு ஓடம் அவர்கள் மனத்தைவிட்டு அகன்றது.

அளவை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிற அந்தப் பகுதி, கப்பலுக்கு இன்றியமையாத எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பாய்மரம் இல்லை, துடுப்பு இல்லை, சுக்கான் இல்லை, நங்கூரமும் இல்லை. கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று, உள்ளும் புறமும் பூசப்பட்ட கீல். அவ்வளவுதான். உண்மையில் அது கப்பலே அல்ல. மூடிய ஒரு பெட்டி. எபிரெய மூலத்தில் வரும் 'தேபா' என்ற சொல்லுக்குப் பேழை என்று தமிழில் போட்டவர்கள் சரியாகவே செய்தார்கள், ஏனெனில் பேழை என்றாலே பெட்டிதான். நோவாவால் அதை எங்கும் செலுத்த முடியாது. கதவைக்கூட அவன் சாத்தவில்லை. "கர்த்தர் அவனை உள்ளே விட்டுக் கதவை அடைத்தார்" என்று 7ஆம் அதிகாரம் சொல்கிறது. பிழைத்தவர்கள் தங்கள் கப்பலோட்டும் திறமையால் பிழைக்கவில்லை என்பதை, சுக்கானே இல்லாத ஒரு கலத்தைவிடத் தெளிவாக வேறு எதனால் சொல்லமுடியும்?

அந்தத் 'தேபா' என்ற சொல் எபிரெய வேதாகமத்தில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. பார்வோனுக்கு அஞ்சிய ஒரு தாய் தன் மூன்று மாதக் குழந்தையை வைத்து நைல் நதியோரத்து நாணலுக்குள் விட்டாளே, மோசேயின் அந்தப் பெட்டி. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே 'நாணற்பெட்டி' என்று வருவதால் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆனால் கீல் மட்டும் இரண்டு இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அந்தத் தாயும் தன் பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசினாள். கீல் என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்டால், சித்திரை வெயிலில் புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்ளுமே, அதைச் சொல்வேன். உலகத்தையே மூழ்கடித்த வெள்ளத்தில் ஒரு குடும்பத்தைக் காத்த பேழையும், ஒரே ஒரு குழந்தையைக் காத்த கூடையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதை, பெரியதும் சிறியதுமாகிய இரு மீட்புகளை இணைக்கும்பொருட்டு எழுதியவர் வேண்டுமென்றே செய்ததாகவே பலரும் கொள்கிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன்.

புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதலாம் நிருபம் 3ஆம் அதிகாரம் இந்தப் பேழையை வெளிப்படையாகவே ஓர் ஒப்பனையாக்குகிறது. பேழைக்குள் பிரவேசித்த எட்டுப்பேர் ஜலத்தினாலே காக்கப்பட்டதுபோல, ஞானஸ்நானம் இப்பொழுது காக்கிறது என்பது அதன் வாதம். கொல்கிற தண்ணீரே காக்கிற தண்ணீராகவும் ஆகிறது என்பதே அதன் நுட்பம். மேலைநாட்டுப் பழைய ஆலயங்களில் ஞானஸ்நானத் தொட்டியை எட்டுப் பட்டையாகச் செதுக்கும் வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்களுள் இந்த எட்டுப்பேரும் ஒன்று.

கப்பல் எப்போதும் காப்பின் அடையாளமாகவே வருவதில்லை. 'தர்ஷீசின் கப்பல்கள்' என்ற தொடர் பழைய ஏற்பாட்டில் அடிக்கடி வரும். தொலைதூரம் ஓடும் பெரிய வணிகக் கப்பல்களுக்கு அது பெயர். செல்வத்துக்கும் செருக்குக்கும் மறுபெயர். சாலொமோனுக்காக மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவை பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்தன என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் 10ஆம் அதிகாரம் பட்டியலிடுகிறது. அங்கே மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் எபிரெயச் சொல் தமிழின் 'தோகை'யிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதினார். எல்லா அறிஞரும் அதை ஏற்பதில்லை என்றாலும், வேதாகமத்தின் கப்பலில் நம் ஊர்ச் சொல் ஒன்று பயணம் செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

செருக்கின் கப்பலை மிக விரிவாகச் சித்தரிப்பது எசேக்கியேல் 27ஆம் அதிகாரம். தீரு பட்டணம் முழுவதையும் தீர்க்கதரிசி ஒரு கப்பலாகவே கட்டிக் காட்டுகிறார்: லீபனோனின் கேதுரு பாய்மரமாகவும், பாசானின் கர்வாலி துடுப்புகளாகவும், எகிப்தின் சித்திரத்தையலுள்ள சணல்நூற் புடவை பாயாகவும் அமைகின்றன, பல நாட்டுச் சரக்குகள் அதில் ஏறுகின்றன. பட்டியல் நீண்டுகொண்டே போய், படிப்பவர் அந்தக் கப்பலின் அழகில் மயங்கத் தொடங்கும் நேரத்தில், ஒரே வசனத்தில் கொண்டல்காற்று வீசி அதை நடுச்சமுத்திரத்தில் உடைத்துப்போடுகிறது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கும் மொழியில் இதைப் படிக்கக் கிடைத்தது நமக்குப் பேறு. நம் நாட்டில் மழையைக் கொண்டுவரும் அந்தக் காற்று, வேதாகமத்தில் பாலைவனத்திலிருந்து வந்து எரிக்கவும் உடைக்கவும் செய்கிறது என்ற வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி இரண்டு தூக்கங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். முதல் தூக்கம் யோனாவுடையது. கிழக்கே நினிவேக்குப் போகச் சொல்லப்பட்ட தீர்க்கதரிசி, நேர் எதிரே மேற்கில் தர்ஷீசுக்குப் போகிற கப்பலை யோப்பாவில் கண்டு, கூலி கொடுத்து ஏறுகிறார். கதை முழுவதும் அவர் இறங்கிக்கொண்டே போகிறார்: யோப்பாவுக்கு இறங்குகிறார், கப்பலுக்குள் இறங்குகிறார், கீழ்த்தட்டுக்கு இறங்குகிறார், கடைசியில் கடலுக்குள் பர்வதங்களின் அடிவாரம்வரை இறங்கிப்போகிறார். கப்பலில் ஏறியவன் உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கிறான் என்பதே எழுதியவரின் நகைச்சுவை. புயல் அடிக்கிறது, கப்பற்காரர் அவரவர் தெய்வத்தை வேண்டிக்கொண்டே சரக்குகளைக் கடலில் எறிகிறார்கள், கடவுளின் ஆள் ஒருவர்தான் கீழே அயர்ந்து தூங்குகிறார். மாலுமி வந்து எழுப்பி, "நீ நித்திரைபண்ணுகிறது என்ன?" என்று அதட்டுகிறான். தன்னைக் கடலில் போட்டுவிடும்படி யோனாவே சொன்ன பிறகும், அந்த அந்நிய மாலுமிகள் உடனே அப்படிச் செய்யாமல், கரைசேர முடியுமா என்று தண்டுவலித்துப் பார்க்கிறார்கள். இந்தப் புத்தகத்தில் இரக்கமுள்ளவர்கள் அவர்கள்தாம் என்பதைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. மீன் வந்துவிட்டால் எல்லாரும் மீனோடு போய்விடுகிறார்கள்.

இரண்டாவது தூக்கம் இயேசுவுடையது; மாற்கு 4ஆம் அதிகாரம். கலிலேயாக் கடல் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி; ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளம், மிக அகன்ற இடத்தில் 13 கிலோமீட்டர் அகலம், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே மலைகளுக்கு நடுவில் கிடப்பது. ஏரி என்றதும் காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துக்கொண்டால் போதாது. மலை இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று திடீரென்று பாய்ந்து இறங்கினால் சில நிமிடங்களில் அந்தத் தண்ணீர் கொந்தளித்துவிடும். 1986இல் வறட்சியால் நீர்மட்டம் தாழ்ந்தபோது, அதன் வடமேற்குக் கரையில் கினோசர் அருகே சேற்றுக்குள்ளிருந்து முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீன்பிடிப் படகு ஒன்று கிடைத்தது. நீளம் சுமார் 8 மீட்டர், அகலம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். பல வகை மரத்துண்டுகளை ஒட்டுப்போட்டுச் செய்தது. ஏழை மீனவர்களின் படகு என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அந்த அளவுள்ள ஒரு படவில் பதின்மூன்று பேரை உட்காரவைத்துப் பாருங்கள்; தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழேதான் இருக்கும்.

அந்தப் படவின் பின்னணியத்தில் இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். பின்னணியம் என்பது படகின் பின்பகுதி. சுக்கான் பிடிப்பவனுக்கு உரிய இடம். அலை மோதுகிறது, படவு நிரம்புகிறது, சீஷர் எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" என்கிறார்கள். யோனாவின் கதையை அறிந்த எவருக்கும் இந்த ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது: அங்கும் புயல், அங்கும் தூக்கம், அங்கும் கடிந்துகொண்டு எழுப்புதல், அங்கும் கடல் அடங்கிய பின்னர் கப்பலிலிருந்தவர்களுக்கு முன்னைவிட அதிகமான பயம். ஆனால் யோனாவை வெளியே எறிந்தால்தான் கடல் அடங்கியது. இங்கே படவுக்குள் இருப்பவர் எழுந்து, "இரையாதே, அமைதலாயிரு" என்கிறார், கடல் அடங்குகிறது. யோனாவின் தூக்கம் ஓடிப்போகிறவனின் தூக்கம். இவருடையது ஓடவேண்டிய தேவையில்லாதவரின் தூக்கம். ஆழத்துக்கு எல்லை வகுத்த ஆதியாகமத்துக் குரலையே இந்தச் சிறு படவில் கேட்கும்படி மாற்கு எழுதியிருக்கிறார். "காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே, இவர் யார்?" என்ற கேள்வியோடு அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது, பதில் தரப்படவில்லை.

திருச்சபையைக் கப்பலாகப் பார்க்கும் பிற்கால வழக்கம் பெரும்பாலும் இந்தக் காட்சியிலிருந்து பிறந்தது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், ஞானஸ்நானத்தைப் பற்றிய தம் நூலில், அந்தப் படவு சபையின் சாயல் என்பதை எடுத்துரைக்கிறார். மேலைத் திருச்சபைகளின் ஆலயத்தில் மக்கள் அமரும் நடுக்கூடத்துக்கு வழங்கும் பெயர் கப்பலைக் குறிக்கும் லத்தீன் சொல்லாகவே இருக்கிறது. மர உத்தரங்கள் வில்லாக வளைந்த பழைய கூரையை அண்ணாந்து பார்த்தால், கவிழ்த்துவைத்த ஓடத்தின் உட்புறம்போலவே தோன்றும். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உருவான உலகத் திருச்சபைகள் மன்றத்தின் சின்னத்திலும் ஒரு படகு, சிலுவையே அதன் பாய்மரம். தென்னிந்தியத் திருச்சபை அதில் உறுப்பாக இருப்பதால், நம்மில் பலர் இந்தச் சின்னத்தை என்னவென்று கேட்காமலே பார்த்திருப்போம்.

பவுலின் கப்பற்பயணம் வேறு வகை. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம் அடையாளம் எதையும் தேடாமல் நடந்ததை நடந்தபடி சொல்கிற தோரணையில் எழுதப்பட்டிருக்கிறது. பழங்காலக் கப்பலோட்டத்தை அறிய விரும்புவோர் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் பவுல், காலம் பிந்திவிட்டது, இப்போது புறப்படவேண்டாம் என்கிறார். கைதிகளைக் கொண்டுபோகும் ரோமப் படை அதிகாரியாகிய நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையுமே அதிகமாய் நம்புகிறான். புயற்காற்று பிடித்துக்கொள்கிறது. கப்பல் பிளந்துபோகாதபடி கயிறுகளால் அதைச் சுற்றிக் கட்டுகிறார்கள், தளவாடங்களை எறிகிறார்கள், பதினான்கு நாள் சூரியனும் நட்சத்திரங்களும் சரியாகத் தெரியாமல் அலைகிறார்கள். நடு இரவில் கரை நெருங்குவதாகத் தோன்றி விழுது போட்டுப் பார்க்கும்போது இருபது பாகம், சற்றுத் தூரம் போய்ப் பார்த்தால் பதினைந்து பாகம். இரு கைகளையும் விரித்து நின்றால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை ஒரு பாகம். ஆழத்தை அளக்கும் இந்தச் சொல் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிது, கடற்கரைக்காரருக்குப் பழகிய சொல்.

பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டுவிட்டுப் பொழுது எப்போது விடியும் என்று காத்திருக்கும் அந்த இரவின் முடிவில், பவுல் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரித்து, பிட்டுப் புசிக்கிறார். திருவிருந்தை நினைவூட்டும் இந்தச் சொற்களை, இந்தப் புத்தகத்தை எழுதியவராகக் கருதப்படும் லூக்கா கவனமில்லாமல் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர்: வீரர், கைதிகள், கப்பலாட்கள். காலையில் கப்பல் தரைதட்டி உடைகிறது. நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், தெரியாதவர் பலகைகளைப் பற்றியும் மெலித்தாத் தீவில் (இன்றைய மால்டாவில்) கரையேறுகிறார்கள், ஒருவரும் சாகவில்லை. இங்கே கப்பல் காக்கவில்லை, கப்பல் போய்விட்டது, ஆட்கள் காக்கப்பட்டார்கள். சபை என்றால் கப்பல், கப்பல் என்றால் பாதுகாப்பு என்று எளிதாகச் சமன்பாடு போடுகிறவர்கள் இந்த அதிகாரத்தோடு சிறிது தடுமாறத்தான் வேண்டும். மெலித்தாவிலிருந்து அவர்கள் ஏறிய அடுத்த கப்பலின் முகப்பில் இருந்த அடையாளம் மாலுமிகளின் காவல் தெய்வங்களாகிய இரட்டையர். நம் மொழிபெயர்ப்பு அதை 'மிதுனம்' என்று ராசிப் பெயரால் சொல்லிவிடுகிறது. பவுல் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதாக இல்லை, ஏறிப் போய்விட்டார்.

தனித்தனிக் கருவிகளும் நிருபங்களில் அடையாளங்களாகின்றன. யாக்கோபு 3ஆம் அதிகாரத்தில் சுக்கான் நாவுக்கு உவமை: கடுங்காற்றில் அடிபடும் மாபெரும் கப்பலை மிகச் சிறிய சுக்கான் திருப்புகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் நல்மனச்சாட்சியைத் தள்ளிவிட்டவர்கள் விசுவாசமாகிய கப்பலைச் சேதப்படுத்தினார்கள் என்று வருகிறது. மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்தேன் என்று வேறோர் இடத்தில் தன்னைப் பற்றிச் சொன்ன பவுலின் பெயரால் வரும் நிருபத்தில் அந்த உவமைக்குத் தனிக் கனம் உண்டு. இந்தப் பகுதிகளில் வரும் சுக்கான், மாலுமி என்ற சொற்கள் இரண்டுமே அரபிக் கடலோடிகள் வழியாகத் தமிழுக்கு வந்தவை. மாலுமிக்கு மூலமான 'முஅல்லிம்' என்றால் கற்பிப்பவர். மேல்விசாரத்திலோ வாணியம்பாடியிலோ மதரசாவில் பாடம் சொல்லித்தருபவருக்கு உரிய அந்தச் சொல்லே, கடலில் வழி தெரிந்தவருக்கும் பெயராகி, தமிழ் வேதாகமத்துக்குள் வந்து யோனாவைத் தட்டி எழுப்புகிறது.

நங்கூரம் மட்டும் சற்று விளக்கவேண்டியது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் 6ஆம் அதிகாரம், நம்பிக்கையை "திரைக்குள்ளாகப் பிரவேசிக்கிற ஆத்தும நங்கூரம்" என்கிறது. கேட்ட மாத்திரத்தில் குழப்பமான உருவகம். நங்கூரம் கீழே கடலடியில் பதியவேண்டியது, திரைக்குள் எப்படிப் போகும்? இங்கே திரை என்பது எருசலேம் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த திரை. கப்பல் கீழே அலைக்கழிக்கப்படுகிறது, அதன் கயிறோ மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது கருத்து. நங்கூரம் எங்கே பதிந்திருக்கிறது என்று கப்பலில் இருப்பவனால் பார்க்க முடியாது, கயிற்றின் இழுவிசையை மட்டுமே உணரமுடியும். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில், ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் இறந்தவர்களின் பெயருக்கு அருகே நங்கூரத்தைக் கீறிவைத்தார்கள். அதன் தண்டும் குறுக்குச்சட்டமும் சிலுவையை நினைவூட்டுவதும் அவர்களுக்கு உவப்பாக இருந்திருக்கவேண்டும். ஆரம்பகாலக் கிறிஸ்தவ ஆசிரியரான அலெக்சந்திரியாவின் கிளெமெந்து, கிறிஸ்தவர் முத்திரை மோதிரத்தில் பொறித்துக்கொள்ளத் தக்கவை என்று சொன்னவற்றுள் புறா, மீன் இவற்றோடு கப்பலும் நங்கூரமும் இருக்கின்றன.

வடஆற்காட்டுக்கு இந்தக் கதைகளைக் கொண்டுவந்தவர்களில் பலர் கடல்வழியாகவே வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடலாம். 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய மருத்துவர் ஜான் ஸ்கடரின் பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. மாதக்கணக்கில் பாய்க்கப்பலில் கிடந்த அந்த முதல் தலைமுறைக்கு, "வெறித்தவனைப்போல் அலைந்து தடுமாறுகிறார்கள்" என்று கடற்பயணிகளைப் பற்றிப் பாடும் 107ஆம் சங்கீதத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. அந்தச் சங்கீதம் அவர்களை "தாங்கள் நாடின துறைமுகத்தில்" கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

வேதாகமமோ கடலை முடித்துவைத்தே முடிகிறது. வெளிப்படுத்தல் 21ஆம் அதிகாரத்தில் புதிய வானமும் புதிய பூமியும் தோன்றும்போது, "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று ஒரு சிறு வாக்கியம் வருகிறது. கடலை விரும்புகிறவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம்; ஆழத்தையும் அதிலிருந்து எழும்பும் மிருகங்களையும் நினைவில் கொண்டு வந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். அடுத்த அதிகாரத்தில் அந்த நகரத்தின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது, பளிங்கைப்போலத் தெளிவான ஆறு, இரு கரையிலும் மாதந்தோறும் கனிதரும் மரம். அந்த ஆற்றில் படகு உண்டா என்று எங்கள் வகுப்பில் அதே பின்வரிசைப் பையன் கேட்டபோது, இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. ஏசாயா 33ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தை எடுத்து அவனையே வாசிக்கச் சொன்னேன். கர்த்தர் தம்முடைய ஜனத்துக்கு விசாலமான நதிகளுள்ள இடத்துக்குச் சமானமாக இருப்பார் என்று தொடங்கி, வலிக்கிற படவு அங்கே ஓடுவதில்லை, பெரிய கப்பலும் அங்கே கடந்துவருவதில்லை என்று அந்த வசனம் முடிகிறது. வாசித்துவிட்டு, "ஆனா தண்ணி இருக்கும் இல்ல சார்?" என்றான்.

இருக்கும் என்றேன்.